ஜிம்மி ஏன் ஊளையிட்டது?



இந்த மாதம் ஒரு நாயைப் பற்றி எழுதுகிறேன். மனிதர் பாடே பெரும்பாடாக இருக்கும்போது நாய்க்கு ஒரு பக்கமா என்று உங்களில் சிலர் கேட்கக்கூடும். நானும் அப்படிக் கேட்டிருப்பேன். தலவாக்கலைக்கு அருகில் உள்ள அந்தத் தோட்டத்து லயத்துக்கு நான் போனது நாயைப் பார்க்க அல்ல. மூன்று கிழமையாகப் பாடசாலைக்கு வராத ஒன்பது வயதுப் பிள்ளையொன்றைப் பார்க்கத்தான் போனேன். தாய் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய் ஒன்றரை மாதம். தகப்பன் சில வருடங்களுக்கு முன்பே விட்டுப் போய்விட்டார். பிள்ளை அம்மாயியோடு இருக்கிறாள். தாயைப் பிரிந்த ஏக்கத்தில் பிள்ளை முடங்கிவிட்டாள் என்று பஸ்ஸில் போகும்போதே நான் முடிவு கட்டிவிட்டேன். சமூகவியல் படித்தவர்களிடம் இந்தக் கெட்ட பழக்கம் உண்டு. கதவைத் தட்டும் முன்பே காரணம் எங்கள் கையில் தயாராக இருக்கும்.

பிள்ளை சொன்ன காரணம் வேறு.

"நான் ஸ்கூலுக்குப் போனா ஜிம்மிய சாக்குல கட்டிக் கொண்டுபோயிருவாங்க மிஸ். நான் காவல் இருக்கேன்."

ஜிம்மி என்பது மண்ணிறத்தில், ஒரு காது மடிந்த, நான்கு வயது நாட்டு நாய். குட்டியாக இருந்தபோது மழையில் நனைந்து கிடந்ததைப் பிள்ளையின் தாய்தான் எடுத்து வந்து, கொழுந்து மலைக்குப் போகாத நேரமெல்லாம் மடியில் வைத்து வளர்த்திருக்கிறார். அவர் பயணம் போன நாள் விடியற்காலை நான்கு மணிக்கு அதைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டு, பெரிய பையைத் தூக்கிக்கொண்டு வேனில் ஏறினார். அன்று தொடங்கியது தொல்லை. அம்மாயி காலையில் மலைக்கும், பிள்ளை பாடசாலைக்கும் போய் ஐந்து நிமிடம் ஆவதற்குள் ஜிம்மி ஊளையிடத் தொடங்கும். கதவைப் பிறாண்டும். கதவின் கீழ்ப்பலகை நார் நாராகக் கிழிந்திருந்ததை நானே பார்த்தேன். முன்கால் நகங்களில் இரத்தம் காய்ந்திருந்தது. வெளியில்தான் போக வேண்டும் என்று குட்டியிலிருந்து பழகிய நாய், இப்போது வீட்டுக்குள்ளேயே சிறுநீர் கழித்தது. வைத்த சோறு மாலைவரை அப்படியே இருக்கும்.

லயத்தில் வாழ்ந்தவர்களுக்கு இதன் பாரம் தெரியும். ஒரு காம்பராவுக்கும் அடுத்த காம்பராவுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். ஒரு வீட்டில் பிள்ளை இருமினால் நாலாவது வீட்டில் கொத்தமல்லி அவிப்பார்கள். அந்த வரிசையில் கைக்குழந்தையோடு ஒருத்தி இருக்கிறாள். ஸ்டோரில் இரவு வேலை செய்துவிட்டுப் பகலில் கண்ணயர்பவர் ஒருவர் இருக்கிறார். நோயாளியான மாமியாரை வைத்துப் பார்க்கும் வீடு ஒன்று இருக்கிறது. நாயைக் கொண்டுபோய் எங்காவது விட்டுவிடச் சொன்னவர்கள் கல் நெஞ்சக்காரர்கள் அல்ல. தூக்கமில்லாதவர்கள், அவ்வளவுதான். அதற்கு மேல் இன்னொன்றும் இருந்தது. நாய் ஊளையிட்டால் அந்தப் பக்கம் எமன் வருகிறான் என்பது நம்மிடையே உள்ள பழைய நம்பிக்கை. நோயாளி உள்ள வீட்டார் அதைக் கேட்டு நடுங்கினார்கள். அம்மாயியோ, குவைத்தில் இருக்கும் மகளுக்குத்தான் ஏதோ நடக்கப்போகிறது என்று நினைத்தார். மகள் அழைப்பு எடுக்காத நாட்களில் அவரும் சாப்பிடுவதில்லை.

நான் செய்த முதல் காரியம் பிழையான காரியம். "பின்பக்கத்து மரக்கறித் தோட்டத்தில் கட்டிவையுங்கள் அம்மா, சத்தமாவது தூரப் போகும்" என்று பெரிய மனுசி போலச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. எழுந்து பீலிக்குப் போய்விட்டார். நான் பின்னாலேயே போனேன். குடத்தில் தண்ணீர் நிரம்பி வழிந்துகொண்டிருக்கும்போது, என்னைப் பார்க்காமலே சொன்னார்.

அவர் இந்த மலையில் பிறந்தவர். 1977 ஆம் ஆண்டுக் கலவரத்தோடு ஒன்பது வயதில் தாய் தகப்பனோடு கிளிநொச்சிக்குப் போனவர். அங்கேயே காடு வெட்டி, கிணறு தோண்டி, கல்யாணம் முடித்து வாழ்ந்தவர். அங்கே வெள்ளையன் என்று ஒரு நாய் இருந்தது. 2008 ஆம் ஆண்டின் கடைசியில் ஊர் எழும்பியபோது அது மாமரத்தில் கட்டியிருந்தது.

"ட்ரக்டர் வந்திருச்சு, ஏறுங்க ஏறுங்கன்னு சத்தம் போடுறாங்க. நான் ஓடிப்போயி கயித்துல கை வச்சது ஞாபகம் இருக்கு மிஸ். முடிச்சு அவுந்துச்சா இல்லையான்னு ஞாபகம் இல்ல. எவ்வளவோ யோசிச்சுப் பாத்துட்டேன். அதுக்குப் பொறகு என்னென்னவோ பாத்தாச்சு, புருசனையும் அங்கயே விட்டாச்சு. ஆனா அந்த முடிச்சு மட்டும்தான் ராத்திரியில வருது."

தருமபுரம், விசுவமடு, பிறகு கடற்கரை, பிறகு செட்டிகுளம் மெனிக் பாம் முகாம். அங்கிருந்து வெளியே வந்ததும், மகளை அழைத்துக்கொண்டு அண்ணன் வீடு இருந்த இந்தத் தோட்டத்துக்கே திரும்பினார். ஜிம்மியை ஏன் அவர் கட்டுவதும் இல்லை, விரட்டுவதும் இல்லை, அதன் சத்தத்தைப் பொறுத்துக்கொள்ளவும் முடியவில்லை என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. இதை வாசிக்கும் உங்களில் பலருக்கும் ஒரு வெள்ளையன் இருந்திருக்கும். 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவு வலிகாமத்திலிருந்து நாவற்குழிப் பக்கம் நடந்தவர்களில் எத்தனையோ பேர் வீட்டு வாசலில் ஒரு நாயை விட்டுவிட்டு வந்ததாக என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். மனிதர்களை இழந்தவர்கள் நாயை நினைத்து அழுவதற்கு வெட்கப்படுகிறார்கள். இதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

நாயின் இந்த நிலைக்கு மிருக வைத்தியத்தில் பிரிவுப் பதற்றம் என்று பெயர். அது பழிவாங்கல் அல்ல, குறும்பு அல்ல, சகுனமும் அல்ல. அது பயம். பேராதனையில் படித்த காலத்தில் ஜோன் போல்பி என்ற ஆங்கிலேய மனநல வைத்தியரைப் பற்றிப் படித்திருக்கிறேன். தாயைப் பிரிந்த சிறுபிள்ளைகள் என்ன ஆகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனத்துக்காக அவர் எழுதிய அறிக்கை 1951 இல் வெளிவந்தது. இரண்டாம் உலகப் போர் பிள்ளைகளை வீடிழக்கச் செய்திருந்த நேரம் அது. சோறும் கூரையும் இருந்தாலும், தனக்கென்று ஒரு ஆள் இல்லாத பிள்ளை வாடிப்போகும் என்பதை அவர் எடுத்துக்காட்டினார். அவர் வழியில் வந்தவர்கள் தாயையும் பிள்ளையையும் புதிய அறையொன்றில் வைத்து, தாய் வெளியே போகும்போதும் திரும்பும்போதும் பிள்ளை செய்வதைக் கவனிக்கும் ஒரு சோதனையை உருவாக்கினார்கள். 1998 இல் ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் ஆய்வாளர்கள் சிலர் அதே சோதனையை நாய்களுக்கும் அவற்றை வளர்ப்பவர்களுக்கும் வைத்துப் பார்த்தார்கள். வளர்த்தவர் போனதும் கதவடியில் நிற்பதிலும், வந்ததும் பாய்ந்து ஒட்டிக்கொள்வதிலும், அவர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் தைரியமாக விளையாடுவதிலும் நாய்கள் சிறுபிள்ளைகளைப் போலவே நடந்துகொண்டன.

இது பயம்தானா, வேறு நோயா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஆள் போன கொஞ்ச நேரத்துக்குள் தொடங்கும், ஆள் திரும்பியதும் நின்றுவிடும். அதுதான் முக்கிய அடையாளம். ஆனால் ஒன்றை முதலில் நிச்சயப்படுத்திக்கொள்ள வேண்டும். நடத்தை திடீரென மாறி, எச்சில் வடித்து, தண்ணீரோ உணவோ விழுங்க முடியாமல், காரணமின்றிக் கடிக்க வரும் நாய்க்கு விசர்நோய் இருக்கலாம். நம் நாட்டில் அந்த நோய் இன்னும் ஒழியவில்லை. அப்படிச் சந்தேகம் இருந்தால் கிட்டப் போகாதீர்கள், பிள்ளைகளை விடாதீர்கள், பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவியுங்கள். கடித்தாலோ கீறினாலோ காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போங்கள். மஞ்சளும் கோப்பித்தூளும் வைத்துக் கட்டிக்கொண்டு வீட்டில் இருக்க வேண்டாம். ஜிம்மிக்குத் தடுப்பூசி போட்ட அட்டை தகரப் பெட்டிக்குள் பத்திரமாக இருந்தது. தாய் போவதற்கு முன்பே போட்டுவிட்டுத்தான் போயிருக்கிறார். மிருக வைத்தியரும் பார்த்து, வேறு நோயில்லை என்றார்.

அந்த மாலை லயத்தில் நான் ஒரு கதை சொன்னேன். அந்த நாயின் பெயர் குவி. கேரளத்தின் மூணாறு மலையில், இராஜமலைக்குப் பக்கத்தில் பெட்டிமுடி என்று ஒரு இடம். அங்கே லயங்களில் இருந்தவர்கள் நம்மைப் போலவே தேயிலை வேலைக்காக மலையேறிய தமிழ்க் குடும்பங்கள். பலருக்குத் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாறுதான் பூர்வீகம். 2020 ஓகஸ்ட் 6 ஆம் திகதி இரவு பெய்த மழையில் மலை சரிந்து லயங்களை மூடியது. எழுபது பேர் போனார்கள். மண்ணுக்குள் ஆட்களைத் தேடிக்கொண்டிருந்த நாட்களில் ஒரு பெண் நாய் அந்த இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. எட்டாவது நாள் அது ஆற்றைப் பார்த்து நின்று குரைத்துக்கொண்டே இருந்தது. போய்ப் பார்த்தால், அது கூடி விளையாடிய இரண்டு வயதுக் குழந்தையின் உடல் அங்கே தண்ணீரில் சிக்கியிருந்தது.

அதற்குப் பிறகு குவி சாப்பிடவில்லை. ஒரு மூலையில் சுருண்டு கிடந்தது. தேடுதலுக்காக வந்திருந்த இடுக்கி மாவட்டப் பொலிஸ் நாய்ப் பிரிவின் பயிற்சியாளர் ஒருவர் அதைக் கவனித்தார். நாய்களோடு வாழ்ந்தவர் என்பதால் அவருக்கு அது விளங்கியது. பக்கத்தில் உட்கார்ந்தார், கையால் ஊட்டினார், கொஞ்சம் கொஞ்சமாகத் தன்னோடு பழக்கினார். பொலிஸ் நாய்ப் பிரிவு அதைப் பொறுப்பெடுத்துப் பராமரித்தது. ஆனால் கதை அங்கே முடியவில்லை. குழந்தையின் குடும்பத்தில் உயிரோடு மிஞ்சியிருந்த பாட்டி, அது எங்கள் வீட்டு நாய், எனக்கு இருப்பது அதுதான் என்று கேட்டார். சில மாதங்களின் பின் குவியை அவரிடமே திருப்பிக் கொடுத்தார்கள்.

லயத்தில் யாரும் பேசவில்லை. மண்சரிவு என்றால் எங்கள் மலையில் விளக்கம் தேவையில்லை. 2025 நவம்பரில் டித்வா புயல் வந்தபோது எங்கள் மலைநாட்டு மக்கள் பட்டது இன்னும் ஆறாத புண். கொஞ்ச நேரத்தின் பின் அந்த ஸ்டோர் வேலைக்காரர்தான் கேட்டார்: "சரி மிஸ், இப்ப இதுக்கு என்னா செய்யிறது? நான் தூங்கணும்ல?"

நியாயமான கேள்வி. எல்லோரும் ஒரு மாதத் தவணை கொடுத்தார்கள். மிருக வைத்தியரிடம் கேட்டும், புத்தகங்களைப் பார்த்தும், நாங்கள் செய்ததை அப்படியே எழுதுகிறேன்.

முதலில் அந்த மாதம் முழுவதும் ஜிம்மி தனியே இருக்கக்கூடாது என்று முடிவு செய்தோம். பயத்திலிருந்து வெளிவரப் பழக்கும் காலத்தில், மறுபடியும் நாலைந்து மணித்தியாலம் அலறவிட்டால் பழக்கியது எல்லாம் வீணாகிவிடும். கடைசிக் காம்பராவில் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற தாத்தா ஒருவர் இருக்கிறார். பகல் முழுவதும் இஸ்தோப்பில் கம்பளி போர்த்திக்கொண்டு வானொலி கேட்பவர். "நாயின்னா எனக்குப் பிடிக்காது" என்று சொல்லிக்கொண்டே ஒப்புக்கொண்டார். காலையில் ஜிம்மி அவர் காலடிக்குப் போகும், மாலையில் திரும்பும். பிள்ளை அடுத்த நாளே பாடசாலைக்குப் போனாள்.

இரண்டாவது, நான் மிகவும் மெச்சிய விடயம். ஜிம்மியை நாங்கள் இரண்டு நாள் உட்கார்ந்து கவனித்தோம். அது பயப்படத் தொடங்குவது அம்மாயி கதவைச் சாத்தும்போது அல்ல. அவர் இடுப்பில் படங்கைக் கட்டும்போதே அதன் உடம்பு நடுங்குகிறது. கூடையை எடுத்தால் மூச்சு வாங்குகிறது. படங்கு கட்டினால் ஆள் போய்விடும் என்று அது கணக்குப் போட்டு வைத்திருக்கிறது. அந்தக் கணக்கைக் குழப்ப வேண்டும். அம்மாயி வேலைவிட்டு வந்த பிறகு மாலையில் படங்கைக் கட்டிக்கொண்டு உருளைக்கிழங்கு சீவினார். கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்து தேத்தண்ணீர் குடித்தார். ஞாயிற்றுக்கிழமை காலையெல்லாம் படங்கோடு வீட்டுக்குள் நடமாடினார். பக்கத்து வீட்டுப் பெண்கள் இஸ்தோப்பில் நின்று விழுந்து விழுந்து சிரித்தார்கள். அம்மாயியும் சிரித்தார். ஐந்தாறு நாளில் படங்கைக் கண்டால் ஜிம்மி தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டது.

அதன் பிறகுதான் கதவு. வெளியே போய்க் கதவைச் சாத்தி, ஐந்து எண்ணிவிட்டுத் திரும்பி வருவது. பிறகு பத்து. பிறகு இருபது. அது ஊளையிடத் தொடங்கும் முன்பே திரும்ப வேண்டும் என்பதுதான் இதில் உள்ள சூட்சுமம். போகும்போது கொஞ்சல் இல்லை, அழுகை இல்லை. வரும்போதும் ஆரவாரமில்லாமல் வந்து, அது அடங்கியபின் தடவிக் கொடுக்க வேண்டும். பிள்ளைதான் எண்ணினாள், சுவரில் கரித்துண்டால் குறித்தும் வைத்தாள். இரண்டாம் கிழமை எங்களுக்கு அவசரம் பிடித்தது. ஒரு நிமிடத்திலிருந்து ஒரேயடியாக அரை மணிக்குத் தாவினோம். அன்றைக்கு ஜிம்மி மறுபடியும் கதவைக் கிழித்தது. திரும்பவும் இருபதிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. பீலிவரை போய் வருவது, கூட்டுறவுக் கடைவரை போய் வருவது என்று மெல்ல மெல்லத்தான் தூரம் கூடியது.

போகும் நேரத்தில் மட்டும் கொடுப்பதற்கென்று ஒரு தீனியும் வைத்துக்கொண்டோம். கடைகளில் இதற்கென்று ரப்பர் சாமான்கள் விற்கிறார்களாம். நமக்குச் சிரட்டை போதும். சோற்றில் கொஞ்சம் நெத்தலித் தூள் பிசைந்து சிரட்டைக்குள் இறுக்கி அமத்திக் கொடுத்தால், நக்கி நக்கி எடுக்க நேரமாகும். ஆள் திரும்பியதும் சிரட்டையை எடுத்துவிட வேண்டும். இப்படிச் செய்தால் ஆள் போவதோடு நல்லதொன்றும் வருகிறது என்று அதற்குப் பதியும். சமைத்த கோழி எலும்பு வேண்டாம், உடைந்து தொண்டையிலோ குடலிலோ குத்தும். காலையில் வேலைக்குப் போகுமுன் கால் மணி நேரமாவது நடக்க அழைத்துப் போனால் களைத்துப்போய்ப் படுக்கும். அம்மாயிக்கு அதற்கு நேரமில்லை. அதனால் பிள்ளை பால் வாங்கப் போகும்போது கூட்டிப்போனாள்.

நாய்க்கு மூக்குத்தான் கண். வளர்த்தவரின் வாசனையுள்ள துணி படுக்கையில் இருந்தால் அதற்கு ஆறுதல். ஆனால் அம்மாயி மகள் போன மறுநாளே எல்லாத் துணியையும் தோய்த்து மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டார். துப்புரவான மனுசி, என்ன செய்வது! தோய்க்காமல் மிஞ்சியது ஒரு சுவெட்டர்தான். அதைப் பிள்ளை தினமும் தலையணைக்கடியில் வைத்துப் படுக்கிறாள் என்பது அப்போதுதான் தெரிந்தது. அவளாகவே அதை எடுத்து வந்து ஜிம்மியின் சாக்கில் விரித்தாள். நான் திருப்பி அவளிடமே கொடுத்துவிட்டேன். பிறகு தாய் பயன்படுத்திய பழைய தலையணை உறை ஒன்று கிடைத்தது, அதை ஜிம்மிக்குப் போட்டோம். நாயின் பயத்தைத் தீர்க்கப் போய்ப் பிள்ளையிடம் இருப்பதைப் பறிக்கக்கூடாது.

தொலைபேசியும் ஒரு பிரச்சினையாக இருந்தது. இரவில் தாய் ஐமோவில் பேசும்போது அந்தக் குரலைக் கேட்டு ஜிம்மி கதவுக்கு ஓடும். குரல் இருக்கிறது, ஆள் இல்லை. அழைப்பு முடிந்ததும் நள்ளிரவுவரை முனகும். அதனால் அழைப்பு வரும் நேரத்தில் தாத்தா அதைக் கூட்டிக்கொண்டு ஒரு சுற்று நடந்து வருவார். எல்லா நாயும் இப்படி இல்லை. சிலவற்றுக்குக் குரல் ஆறுதலாகவும் இருக்கலாம். உங்கள் நாயை நீங்கள்தான் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும்.

அடிப்பது பற்றி ஒரு வார்த்தை. வீட்டை நாசமாக்கியதற்குத் தண்டனையாக, மாலையில் வந்து அடிப்பவர்கள் உண்டு. காலையில் செய்ததற்கு மாலையில் விழும் அடி நாய்க்கு விளங்காது. ஆள் திரும்பி வருவதும் பயம்தான் என்று மட்டும் அது கற்றுக்கொள்ளும். கட்டிவைப்பதும் தீர்வல்ல. பயந்த நாய் கயிற்றை இழுத்துக் கழுத்தை அறுத்துக்கொள்ளும். எங்கள் பக்கத்தில் தேயிலை மலைகளுக்குள் சிறுத்தை நடமாடுகிறது. இரவில் வெளியே கட்டிய நாய் விடிய இருக்காது. இத்தனையும் செய்தும் மாறாத நாய்களுக்கு மிருக வைத்தியர் தரும் மாத்திரைகள் உண்டு. அவற்றை அவர் சொன்ன அளவில், பழக்குவதோடு சேர்த்துத்தான் கொடுக்க வேண்டும். உங்கள் தூக்க மாத்திரையையோ பனடோலையோ பாதி உடைத்துக் கொடுக்காதீர்கள், உயிரே போகலாம்.

வெளிநாட்டுப் பயணத்துக்கு ஆயத்தமாகும் சகோதரிகளுக்கு இதையும் சொல்ல வேண்டும். 2013 இல் வந்த விதியின்படி வெளிநாடு போக விரும்பும் தாய்மாரிடம் குடும்பப் பின்னணி அறிக்கை கேட்டார்கள். பிள்ளையை யார் பார்ப்பார்கள் என்று அதில் எழுத வேண்டும். நாயை யார் பார்ப்பார்கள் என்று யாரும் கேட்கமாட்டார்கள். கேட்க வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. ஆனால் கடவுச்சீட்டுக்கும் மருத்துவப் பரிசோதனைக்கும் அலையும் அந்த இரண்டு மூன்று மாதத்திலேயே சோறு வைப்பதையும் கூட்டிப்போவதையும் வீட்டில் இருக்கப்போகிறவரின் கைக்கு மாற்றிவிடுங்கள். நீங்கள் வீட்டில் இருக்கும்போதே அது அவரிடம் ஒட்டிக்கொள்ளட்டும். பார்க்க உங்களுக்குக் கொஞ்சம் பொறாமையாக இருக்கும், பரவாயில்லை. வழக்குக்காக, சிகிச்சைக்காக, காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைக்கான போராட்டத்துக்காக நாட்கணக்கில் வீட்டைப் பூட்டிவிட்டுப் போகும் வடக்கு கிழக்குத் தாய்மாருக்கும் இது பொருந்தும். ஒரு வீட்டில் தனித்திருப்பவருக்கு நாய்தான் துணை என்றால், பக்கத்து வீட்டில் இன்னொருவரையும் அதற்குத் துணையாக்கி வையுங்கள். வெள்ளமோ மண்சரிவோ வந்து ஓட நேர்ந்து, நாயைக் கூட்டிப்போக முடியாவிட்டால், கயிற்றை அவிழ்த்துவிடுங்கள். அவிழ்க்க நேரமிருக்காது என்று தோன்றும் காலங்களில் கட்டாமலே விடுங்கள்.

ஜப்பானில் ஹச்சிகோ என்ற நாயின் கதையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பேராசிரியரான அதன் எசமான் 1925 இல் இறந்த பிறகும், 1935 இல் தான் சாகும்வரை தோக்கியோவின் ஷிபுயா ரயில் நிலையத்தில் அவருக்காகக் காத்திருந்த நாய். அதன் விசுவாசத்துக்காகச் சிலை வைத்தார்கள். போர்க்காலத்தில் அந்தச் சிலையை உலோகத்துக்காக உருக்கிவிட்டு, 1948 இல் புதிதாக ஒன்று வைத்தார்கள். எனக்கு அந்தக் கதையில் விசுவாசத்தைவிடப் பத்து வருடம்தான் பெரிதாகத் தெரிகிறது. காத்திருப்பைப் புகழ்வது காத்திருக்காதவர்களுக்கு இலகு.

ஒரு மாதத் தவணை முடிந்த நாள் லயத்துக்குப் போனேன். ஊளை முழுதாக நின்றுவிட்டது என்று சொன்னால் பொய். மழை நாட்களில் கொஞ்சம் முனகும் என்றார்கள். ஸ்டோர் வேலைக்காரர் தூங்கிக்கொண்டிருந்தார், அதனால் அவருடைய அபிப்பிராயம் கேட்கக் கிடைக்கவில்லை. நோயாளியான மாமியார் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தார். சுவரில் பிள்ளை போட்ட கரிக்கோடுகள் அடுப்படிவரை நீண்டிருந்தன. அம்மாயி படங்கைக் கட்டி, கூடையை எடுத்து, "வாறேன்டா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பெரட்டுக்கு இறங்கினார். ஜிம்மி சிரட்டையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

தாத்தாதான் என்னைத் தனியே கூப்பிட்டுக் குறைபட்டுக்கொண்டார். செவ்வாய்க்கிழமைகளில் அவர் ஆஸ்பத்திரி கிளினிக்குக்குப் போக வேண்டும். கம்பளியை மடித்து வைத்துவிட்டுச் சப்பாத்தைப் போட்டதும் ஜிம்மி அவர் காலடியில் வந்து நடுங்குகிறதாம். "நான் என்னா மிஸ் செய்யிறது, தெனமும் சப்பாத்தைப் போட்டுக்கிட்டு இஸ்தோப்புல குந்தியிருக்கவா?" என்று கேட்டார். ஆமாம் தாத்தா, அப்படித்தான் என்று சொல்லிவிட்டு வந்தேன்.